புதுசா வாங்கின பைட்டர் மீன் டல்லா இருக்கா? அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதிலும்

ஞாயித்துக்கிழமை காலைல சென்னைல கலர் மீன் கடைங்க இருக்குற கொளத்தூர் போய் ஆசையா ஒரு பைட்டர் வாங்கிட்டு வர்றவங்க, செவ்வாக்கிழமை ராத்திரி எனக்கு போன் பண்ணுவாங்க, "அக்கா மீன் அசையவே மாட்டேங்குது"ன்னு. நான் வில்லிவாக்கத்துல இருக்கேன், ஏழு வருஷமா பைட்டர் வளர்க்கிறேன், அதனால அக்கம்பக்கம், சொந்தக்காரங்க, ஆபீஸ்ல கூட இருக்கவங்க எல்லாரும் என்னைத்தான் கேப்பாங்க. கேள்வி பெரும்பாலும் ஒண்ணுதான், அதனால ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன். படிக்க நேரம் இல்லாதவங்க முதல் மூணு கேள்வியை மட்டும் படிச்சுட்டு உடனே தண்ணியைப் போய்ப் பாருங்க, மிச்சத்தை அப்புறம் படிச்சுக்கலாம்.

வாங்கி ரெண்டு நாள்தான் ஆச்சு, அடியிலேயே படுத்துக் கிடக்கு. செத்துடுமா?

படுத்துக் கிடக்குறதே ஒரு நோய் இல்ல. கடையில இருந்து பொட்டலத்துல ஆடி ஆடி வந்து, புதுத் தண்ணி, புது வெளிச்சம், அதுக்கு எல்லாமே அந்நியம், அதனால முதல் ரெண்டு மூணு நாள் ஒளிஞ்சு கிடக்கும். அது மட்டுமில்ல, பைட்டர் தூங்கும்போது நம்மளை மாதிரியே ஒருக்களிச்சு படுக்கும், இலை மேல சாஞ்சு கிடக்கும், முதல் தடவை பாக்குறவங்களுக்கு உசுரே போயிடும். லைட்டைப் போட்டு ஒரு நிமிஷம் பொறுத்துப் பாருங்க, முழிச்சு நகர்ந்துச்சுன்னா தூக்கம்தான்.

கவலைப்பட வேண்டியது எப்பன்னா, செவுள் வேக வேகமா அடிச்சுக்குதா, மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடிட்டே இருக்கா, துடுப்பெல்லாம் விசிறியை மடக்கின மாதிரி ஒடம்போட ஒட்டிக்கிட்டு இருக்கா, மேல மூச்சு வாங்க வர்றதுக்கே கஷ்டப்படுதா. இதுல ஒண்ணு இருந்தாலும் காத்திருக்காதீங்க.

சரி, உடனே என்ன மருந்து போடணும்?

எதுவும் போடாதீங்க. முதல்ல தண்ணி.

இதை நான் சும்மா சொல்லல. என்னோட முதல் பைட்டர், ரத்தச் சிவப்புல ஒரு ஹாஃப்மூன், அதாவது வால் அரை நிலா மாதிரி விரியுற வகை. வாங்கின மூணாம் நாள் துடுப்பை மடக்கிக்கிட்டு ஓரமா நின்னுச்சு. வாங்கின கடைக்கே போன் பண்ணேன், ஒருத்தர் நீல மருந்து போடச் சொன்னார், இன்னொருத்தர் உப்பு போடச் சொன்னார், தெரிஞ்ச பையன் ஒருத்தன் ஆன்டிபயாட்டிக் கேப்சூலை உடைச்சுக் கொட்டுன்னான். மூணையும் ஒரே சாயங்காலத்துல ஒரே டப்பாவுல போட்டேன். விடியும்போது அது இல்ல. ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது, அதுக்கு நோயே இல்ல, மூணு நாளா அது தன்னோட கழிவுலயே நின்னுட்டு இருந்துச்சு, பாதித் தண்ணியை மாத்தியிருந்தா போதும். இன்னிக்கும் அதை நினைச்சா மனசு கேக்காது. அதனாலதான் யாரு கேட்டாலும் பொறுமையா முதல் கேள்வியா கேப்பேன், தண்ணி எப்ப மாத்துனீங்க, எந்தத் தண்ணி, டப்பா எத்தனை லிட்டர்.

உடனே செய்ய வேண்டியது: பாதித் தண்ணியை எடுத்துட்டு, குளோரின் நீக்கின, அதே சூடு இருக்குற தண்ணியை மெதுவா ஊத்துங்க. பன்னெண்டு மணி நேரம் கழிச்சு திரும்பவும் கொஞ்சம் மாத்துங்க. லைட்டை அணைங்க. சாப்பாடு போடாதீங்க. டப்பாவை தட்டாதீங்க, பசங்களை கண்ணாடியில விரல் வச்சு விளையாட விடாதீங்க. புதுசா வாங்கின மீன்ல பெரும்பாலும் இதுக்கே ஒரு நாள்ல வித்தியாசம் தெரியும்.

நாங்க தண்ணியெல்லாம் சுத்தமாத்தான் வச்சிருக்கோம், பளிங்கு மாதிரி இருக்கே?

கண்ணுக்கு சுத்தமா இருக்குறது வேற, மீனுக்கு சுத்தமா இருக்குறது வேற. மீன் செவுள் வழியாவும் கழிவு வழியாவும் அமோனியாவை வெளியே விட்டுக்கிட்டே இருக்கும், மிச்சம் விழுந்த சாப்பாடு அழுகினாலும் அமோனியாதான். அதுக்கு நிறமே கிடையாது. பழகின தொட்டியில ஃபில்டர் ஸ்பான்ஜ்லயும் கல்லு மேலயும் ஒரு வகை பாக்டீரியா குடியிருக்கும், அது அமோனியாவை நைட்ரைட்டா மாத்தும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்தும். முதல் ரெண்டும் விஷம், நைட்ரேட் அளவா இருந்தா மீன் தாங்கிக்கும். அந்த பாக்டீரியா கூட்டம் புதுத் தொட்டியில செட் ஆக 4 வாரத்துல இருந்து 6 வாரம் ஆகும், நேத்து வாங்கி இன்னிக்கு தண்ணி ஊத்தின தொட்டியில அது இருக்காது. மீன் டல் ஆகுறதுக்கு முக்கால்வாசி காரணம் இதுதான்னு என் அனுபவத்துல சொல்லுவேன்.

செவுள் சிவந்து எரிஞ்ச மாதிரி இருந்தா அமோனியாவை சந்தேகப்படுங்க. நைட்ரைட் ஏறினா ரத்தத்தால ஆக்சிஜனை எடுத்துட்டுப் போக முடியாது, செவுள் பழுப்பாத் தெரியும், மீன் இளைச்சு இளைச்சு மூச்சு வாங்கும்.

எங்க வீட்ல டி.டி.எஸ் மீட்டர் இருக்கு, அதுல 180 காட்டுது, நல்லதுதானே?

அது ஆர்.ஓ மெஷினுக்கு வச்சிருக்குற பேனா. தண்ணியில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு மட்டும்தான் காட்டும், அமோனியாவை தனியா பிரிச்சுக் காட்டாது. 180 காட்டுற தண்ணியிலயும் மீன் சாகும். அமோனியாவுக்கு தனி டெஸ்ட் கிட் இருக்கு, சொட்டு சொட்டா விட்டு கலர் பாக்குற மாதிரி வரும், அதுல அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டணும், பூஜ்யத்துக்கு மேல எது காட்டினாலும் தண்ணி மாத்துங்க. கிட் விலை ஜாஸ்தின்னு தோணுச்சுன்னா ஒண்ணும் பாதகம் இல்ல, முதல் ஆறு வாரம் அமோனியா இருக்குன்னே எடுத்துக்கிட்டு ஒருநாள் விட்டு ஒருநாள் மூணுல ஒரு பங்கு தண்ணி மாத்திட்டே வாங்க.

இன்னொரு விஷயம், பி.ஹெச், அதாவது தண்ணியோட அமில, காரத் தன்மையைச் சொல்ற அளவு, ஏற ஏற அமோனியாவோட விஷமும் ஏறும். போர் தண்ணி பல ஏரியாவுல பி.ஹெச் 8 கிட்ட இருக்கும், அதனால போர் தண்ணிக்காரங்க தண்ணி மாத்துறதுல இன்னும் கவனமா இருக்கணும்.

எந்தத் தண்ணி ஊத்தலாம்? மெட்ரோ, லாரி, போர், கேன், எது நல்லது?

மெட்ரோ தண்ணி, லாரி தண்ணி ரெண்டுலயும் குளோரின் இருக்கும், அப்படியே ஊத்தினா செவுள் வெந்துடும். ஆன்டிகுளோரின்னு கடையில கிடைக்கும், கற்கண்டு மாதிரி இருக்கும் இல்லன்னா சொட்டு மருந்தா இருக்கும், சோடியம் தயோசல்ஃபேட் தான் அது, பாக்கெட்ல போட்டிருக்குற அளவுக்கு போடுங்க. அது இல்லன்னா வாய் அகலமான பக்கெட்ல 24 மணி நேரம் திறந்து வச்சா சாதா குளோரின் போயிடும், ஆனா சில ஊர்ல குளோரமைன் கலப்பாங்க, அது நின்னாலும் போகாது, அதனால மருந்து கையில இருக்குறது நல்லது.

போர் தண்ணி கடினமா இருந்தாலும் பைட்டர் பழகிக்கும், தினம் ஒரு தண்ணியா மாத்துறதுதான் தப்பு. கேன் தண்ணியும் ஆர்.ஓ தண்ணியும் மட்டும் ஊத்தி வளர்க்காதீங்க, அதுல தாது ரொம்பக் குறைவு, பி.ஹெச் நிலையா நிக்காது. ரொம்ப உப்புத் தண்ணி ஏரியான்னா பாதி போர் பாதி ஆர்.ஓ கலந்துக்கலாம்.

பைட்டர் சின்ன டப்பாவுலயே இருக்கும், ஃபில்டர் தேவையில்லன்னு கடையில சொன்னாங்களே?

உசுரோட இருக்கும். நல்லா இருக்கும்னு யாரும் சொல்ல முடியாது.

இந்தப் பேச்சு எங்க இருந்து வந்துச்சுன்னா, பைட்டருக்கு லாபிரிந்த்னு ஒரு உறுப்பு உண்டு, தலைக்குள்ள செவுளுக்கு மேல மடிப்பு மடிப்பா இருக்கும், மேல வந்து ஒரு வாய் காத்தை முழுங்கி அதுல இருந்து ஆக்சிஜனை எடுத்துக்கும். நம்ம ஊர் பனையேறி கெண்டைக்கும் இதேதான், அதனாலதான் அது மழைக்கு தரையில நகர்ந்து போனாலும் சாகாம இருக்கு. அதனால காத்தோட்டம் இல்லாத தண்ணியிலயும் பைட்டர் தாக்குப்பிடிக்கும். ஆனா அமோனியாவுல இருந்து அந்த உறுப்பு காப்பாத்தாது, குளிர்ல இருந்தும் காப்பாத்தாது. அதோட சொந்த ஊரு தாய்லாந்து பக்கம், அங்க வயக்காட்டுலயும் சதுப்புலயும் வாழுற மீன், 2019ல அந்த நாடு இதை தேசிய நீர்வாழ் உயிரினமாவே அறிவிச்சுது. வயல்ல தண்ணி ஆழம் இருக்காது, ஆனா பரந்து கிடக்கும்ல, ஒரு லிட்டர் டப்பாவோட அதை ஒப்பிடவே கூடாது.

குறைஞ்சது 10 லிட்டர், முடிஞ்சா 20 லிட்டர். தண்ணி கூட இருந்தா கழிவு சீக்கிரம் செறியாது, சூடும் சட்டுனு ஏறி இறங்காது. ஃபில்டர்னா காத்து மோட்டார்ல ஓடுற ஸ்பான்ஜ் ஃபில்டர் போதும், வேகமா தண்ணி அடிக்குற பவர் ஃபில்டர் வச்சா அந்தப் பெரிய வாலை வச்சுக்கிட்டு அது நீந்தியே களைச்சுப் போயிடும். மூடி கண்டிப்பா வேணும், தாவும். ஆனா மூடிக்கும் தண்ணிக்கும் நடுவுல மூணு விரல் இடம் விடுங்க, மூச்சு எடுக்கணும்ல.

சென்னை வெயிலுக்கு ஹீட்டர் எதுக்கு?

இதை நானும் நம்பிட்டு இருந்தேன். பைட்டருக்கு 25 டிகிரியில இருந்து 28 வரைக்கும்தான் சுகம். மார்கழி ராத்திரியில சின்ன தொட்டித் தண்ணி 22க்கு கீழ போறதை நான் தெர்மாமீட்டர் வச்சு பாத்திருக்கேன், ஏசி ரூம்ல வருஷம் முழுக்க அதே கதைதான். கோயம்புத்தூர், ஓசூர், ஊட்டி பக்கம்னா சொல்லவே வேண்டாம். குளிர்ந்தா ஜீரணம் நிக்கும், நோய் எதிர்ப்பு குறையும், அடியில போய் கல்லு மாதிரி உக்காந்துக்கும். முதல்ல ஒரு தெர்மாமீட்டர் வாங்கி ஒட்டுங்க, காலைல ஒரு தடவை ராத்திரி ஒரு தடவை பாத்து எழுதி வைங்க, ரெண்டுக்கும் நடுவுல 3 டிகிரிக்கு மேல வித்தியாசம் வந்தா ஹீட்டர் வேணும். 20 லிட்டருக்கு 25 வாட்ஸ்ல இருந்து 50 வாட்ஸ் போதும். தண்ணி மாத்தும்போது ஹீட்டரை அணைச்சுட்டு அது ஆறினப்புறம் கைய விடுங்க, மறக்காதீங்க.

நாலு நாளா சாப்பிடல. என்ன பண்றது?

முதல் நாள் நீங்களே போடக் கூடாது. அடுத்த ரெண்டு மூணு நாள் சாப்பிடலன்னாலும் பதறாதீங்க, நல்ல வளர்ந்த மீன் ஒரு வாரம் கூட தாங்கும். கடையில அதுக்கு என்ன போட்டாங்கன்னு கேளுங்க, புழு தின்னு வளர்ந்த மீனுக்கு பெல்லட், அதாவது உருண்டை உருண்டையா வர்ற காஞ்ச மீன் தீனி, சாப்பாடாவே தெரியாது. ஒரே ஒரு பெல்லட்டை மூக்குக்கு முன்னால போடுங்க, ரெண்டு நிமிஷத்துல எடுக்கலன்னா இங்க் ஃபில்லரால உறிஞ்சி எடுத்துருங்க. அதுக்கும் மசியலன்னா ஃப்ரோசன் பிளட்வார்ம், அதாவது உறைய வச்ச சிவப்புப் புழு, கரைச்சு ஒண்ணு ரெண்டு குடுத்துப் பாருங்க. மொட்டை மாடி தொட்டியில இருக்குற கொசுப்புழுவைப் பாத்தா எந்த பைட்டரும் விடாது, ஆனா அது மருந்தடிக்காத சுத்தமான தண்ணியில பிடிச்சதா இருக்கணும், சாக்கடைப் புழு வேண்டவே வேண்டாம்.

வாயில போட்டு துப்பித் துப்பி எடுக்குதுன்னா பெல்லட் பெருசா இருக்கும், உடைச்சுப் போடுங்க. தேறின பிறகு காலைல மூணு, சாயங்காலம் மூணு சின்ன பெல்லட் போதும், அதோட வயிறு அதோட கண்ணளவுதான்னு சொல்லுவாங்க. வாரத்துல ஒருநாள் பட்டினி நல்லது.

உப்பு போடலாமா? எவ்வளவு?

போடலாம், ஆனா காரணத்தோட. லேசான வால் அழுகல், வெள்ளைப் புள்ளி, சின்ன காயம், இதுக்கு உப்பு உதவும். சமையல் கல்லுப்பு போதும், 4 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் தலை தட்டி, தனியா ஒரு டம்ளர்ல கரைச்சு, ஒரே தடவையில ஊத்தாம ஒரு நாள்ல மூணு தவணையா ஊத்துங்க. உப்பு ஆவியாகாது, இதை நிறைய பேரு யோசிக்கிறதே இல்ல, தண்ணி குறைஞ்சுதுன்னு திரும்பவும் உப்புத் தண்ணியே ஊத்தினா செறிவு ஏறிட்டே போகும். எவ்வளவு தண்ணியை வெளியே எடுக்குறீங்களோ அந்த அளவு தண்ணிக்கு மட்டும்தான் புது உப்பு. பத்து நாளைக்கு மேல வேண்டாம். செடி இருக்குற தொட்டியில போடாதீங்க, மீனை தனி டப்பாவுக்கு மாத்துங்க. எப்சம் உப்புங்கறது வேற, அதைப் பத்தி பின்னாடி வயிறு உப்புற கேள்வியில சொல்றேன், ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

பாதாம் இலை நிஜமாவே வேலை செய்யுமா?

நோயைக் குணமாக்குற மருந்து இல்ல, ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது. நம்ம தெருவுல, ஸ்கூல் வாசல்ல நிக்குற நாட்டு வாதுமை மரம்தான், செவந்து பழுத்து தானா விழுந்த இலையை பொறுக்கி, கழுவி, மொறுமொறுன்னு காயுற வரைக்கும் நிழல்ல போடுங்க. பச்சை இலை வேண்டாம், புகையும் தூசியும் படிஞ்ச மெயின் ரோட்டு இலையும் வேண்டாம். உள்ளங்கை அளவு துண்டு 10 லிட்டருக்கு போதும். ரெண்டு நாள்ல தண்ணி டீ டிகாஷன் மாதிரி ஆகும், பயப்படாதீங்க, அதுல இறங்குற டானின் கிருமியை கொஞ்சம் கட்டுப்படுத்தும், பி.ஹெச்சை லேசா இறக்கும், வெளிச்சமும் குறையும், மிரண்டு கிடக்குற மீன் அந்த இலைக்கு அடியில போய் நிம்மதியா நிக்கும். தண்ணி மாத்தாம இருக்க இலையை சாக்கா வச்சுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மஞ்சத் தூள், வேப்பிலை?

வேண்டாங்க. நமக்கு புண்ணுல தடவுற பழக்கத்துல மீனுக்கும் போடுறோம். தூள் தண்ணியில மிதந்து செவுள்ல போய் அடைக்கும், எவ்வளவு போட்டா எவ்வளவு கரையுதுன்னு கணக்கே இல்ல. வேப்பிலை அழுகினா அதுவே அமோனியா.

கடைக்காரர் நீல மருந்து குடுத்தாரு, ஊத்தலாமா?

அது மெத்திலீன் ப்ளூ. கெட்ட மருந்து இல்ல, பூஞ்சைக்கும் நைட்ரைட் விஷத்துக்கும் உதவும், முட்டை பொரிக்கும்போதும் போடுவாங்க. ஆனா மெயின் தொட்டியில ஊத்தினா ஃபில்டர்ல இருக்குற நல்ல பாக்டீரியாவையும் சேத்து கொல்லும், செடி போகும், தொட்டி ஓரத்து சிலிகான் நிரந்தரமா நீலமாயிடும். தனி டப்பாவுல மட்டும். ஒரு நேரத்துல ஒரே மருந்து.

ஒடம்பு மேல வெள்ளை வெள்ளையா இருக்கு, அது என்ன?

இங்க நிதானமா பாருங்க, ஏன்னா வெள்ளைன்னா ஒரே நோய் இல்ல, வைத்தியம் ஒண்ணுக்கொண்ணு எதிரா கூட போகும்.

ரவையைத் தூவின மாதிரி தனித்தனி புள்ளின்னா அது இக், வெள்ளைப் புள்ளி நோய். ஒரு ஒட்டுண்ணி தோலுக்குள்ள போய் உக்காந்துருக்கு. தோலுக்குள்ள இருக்கும்போது மருந்து அதைத் தொடாது, கீழ விழுந்து பெருகி குஞ்சுங்க நீந்தி வர்ற சமயத்துலதான் சாகும், அதனாலதான் புள்ளி உதிர்ந்துடுச்சுன்னு மூணாம் நாள் மருந்தை நிறுத்தினவங்களுக்கு அடுத்த வாரம் ரெட்டிப்பா வருது. சூட்டை சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரின்னு மெதுவா 29, 30க்கு ஏத்துங்க, சூட்டுல அதோட சுழற்சி வேகமா முடியும், உப்பு மேல சொன்ன அளவு, இல்லன்னா வெள்ளைப் புள்ளிக்குன்னு விக்குற மருந்து, கடைசிப் புள்ளி மறைஞ்சும் சில நாள் தொடரணும், மொத்தம் ரெண்டு வாரம் கணக்கு வைங்க.

ரூமை இருட்டாக்கி போன் டார்ச்சை பக்கவாட்டுல அடிச்சுப் பாருங்க. ஜரிகைத் தூள் பூசின மாதிரி தங்கமா மினுங்குச்சுன்னா அது வெல்வெட். இது ரொம்ப வேகமான நோய், மீன் போய் செடியிலயும் கல்லுலயும் ஒடம்பைத் தேய்க்கும். அந்த ஒட்டுண்ணிக்கு வெளிச்சம் உதவும், அதனால தொட்டியை துணியால மூடி, சூட்டை ஏத்தி, காப்பர் கலந்த மருந்து பாக்கெட்ல சொன்ன அளவுக்கு மட்டும். காப்பர் கூடிப்போனா மீன் தாங்காது, தொட்டியில நத்தை, இறால் இருந்தா செத்துடும்.

மூணாவது, பஞ்சு ஒட்டின மாதிரி, வாயைச் சுத்தி, இல்ல முதுகுல சேணம் போட்ட மாதிரி சாம்பல் வெள்ளைத் திட்டு. இது பூஞ்சையாவும் இருக்கலாம், காலம்நாரிஸ்னு ஒரு பாக்டீரியாவாவும் இருக்கலாம். அது பாக்டீரியாவா இருந்து நீங்க இக்குன்னு நினைச்சு சூட்டை ஏத்தினீங்கன்னா ஒரே நாள்ல முடிஞ்சுடும், சூடு அதுக்கு தீனி. திட்டா இருந்தா சூட்டை 25க்கு மேல விடாதீங்க, தனி டப்பா, நல்ல தண்ணி, மீனுக்கான பாக்டீரியா மருந்து, மீன் பாக்குற வெட்னரி டாக்டர் கிட்ட கேட்டு. நம்ம மாத்திரையை பொடிச்சுப் போடுறது வைத்தியம் இல்ல.

வால் கிழிஞ்சிருக்கு. வால் அழுகலா?

ஓரத்தைப் பாருங்க. நேரா பிளந்திருந்தா கிழிசல். பிளாஸ்டிக் செடி மேல பழைய நைலான் துணியை இழுத்துப் பாருங்க, நூல் மாட்டுச்சுன்னா மீனோட வாலும் மாட்டும், அந்தச் செடியை எடுத்துருங்க. அரை வட்டமா கடிச்ச மாதிரி இருந்தா அதே தன் வாலைக் கடிக்குது, பெரிய வால் இருக்குற மீனுங்க எரிச்சல்ல இப்படிச் செய்யும். ஓரம் கருத்தோ சிவந்தோ, நாளுக்கு நாள் சுருங்கிட்டே போனாத்தான் அழுகல். மூணுக்கும் முதல் வைத்தியம் தினம் கொஞ்சம் நல்ல தண்ணி. அழுகல் ஒடம்பு வரைக்கும் வந்துட்டா மருந்து தேவைப்படும்.

வயிறு உப்பி, சாஞ்சு சாஞ்சு நீந்துது.

மேல இருந்து பாருங்க, அதுதான் முக்கியம். செதில் ஒடம்போட படிஞ்சிருந்து வயிறு மட்டும் உப்பியிருந்தா மலச்சிக்கலா இருக்கலாம், மூணு நாள் பட்டினி போடுங்க. போகலன்னா மருந்துக் கடை எப்சம் உப்பு, 4 லிட்டர் தண்ணியில ஒரு டேபிள்ஸ்பூன் கரைச்சு தனியா, பத்து நிமிஷம் மட்டும் மீனை விட்டு எடுங்க, பக்கத்துலயே உக்காந்து பாருங்க, சாஞ்சா உடனே பழைய தண்ணிக்கு மாத்துங்க. பட்டாணி குடுக்கச் சொல்லுவாங்க, இது புழு பூச்சி தின்னுற மீன், டாஃப்னியான்னு தண்ணியில வாழுற ஒரு பொடிப் பூச்சி கிடைச்சா அதுதான் பொருத்தம்.

செதிலெல்லாம் சவுக்குக் காய் மாதிரி விரிஞ்சு நின்னுச்சுன்னா அது டிராப்சி, உள்ளுறுப்பு கெட்டு தண்ணி கோத்துக்கிட்ட நிலை. பிழைக்குறது ரொம்ப அபூர்வம். உங்க மேல தப்புன்னு நினைச்சுக்காதீங்க, வாங்கி ஒரு வாரத்துல வந்துச்சுன்னா அது பெரும்பாலும் முன்னாடியே ஆரம்பிச்சது.

ஒரு கண்ணு மட்டும் புடைச்சிருக்கு.

ஒரு கண்ணுன்னா எங்கயோ இடிச்சிருக்கும், நல்ல தண்ணியில தானா இறங்கும், ஒண்ணு ரெண்டு வாரம் ஆகலாம். ரெண்டு கண்ணும்னா உள்ள கிருமி.

இதெல்லாம் நோயான்னு பயந்து கேட்டவை, ஆனா நோய் இல்ல

செவுளுக்கு அடியில கருப்பா தாடி மாதிரி வெளிய வருது: ஆண் மீன் முறைக்கும்போது விரிக்குற சவ்வு. தண்ணி மேல நுரை நுரையா இருக்கு: ஆண் மீன் கூடு கட்டுது, கலைக்காதீங்க. பெண் மீனுக்கு வயித்துக்குக் கீழ உப்புக்கல் மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி: முட்டை வர்ற இடம். கலர் மாறிட்டே போகுது: மார்பிள் வகை மீன் அப்படித்தான், வாங்கும்போது வெள்ளை, ஆறு மாசத்துல நீலம். ஒடம்புல படுக்கை வசமா ரெண்டு கருப்புக் கோடு: அது பயத்தோட அடையாளம், பழகினா மறையும்.

கொரியர்ல வந்த மீன், பொட்டலத்துல இருந்து எப்படி மாத்துறது?

கடையில இருந்து அரை மணி நேரத்துல வந்த மீன்னா பொட்டலத்தை தொட்டியில இருபது நிமிஷம் மிதக்க விட்டு, கொஞ்சம் கொஞ்சமா தொட்டித் தண்ணி கலந்து, மீனை மட்டும் எடுத்து விடுங்க. பொட்டலத் தண்ணியை தொட்டியில ஊத்தாதீங்க. ஒண்ணு ரெண்டு நாள் பயணம் செஞ்சு வந்த மீனுக்கு வேற கணக்கு. மூடின பைக்குள்ள கார்பன் டை ஆக்சைடு சேந்து பி.ஹெச் இறங்கியிருக்கும், அதனால அமோனியா இருந்தும் அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் அந்த வாயு வெளிய போய், பி.ஹெச் ஏறி, அதே அமோனியா விஷமாயிடும். அதனால திறக்காம மிதக்க விட்டு சூட்டை மட்டும் சமமாக்கி, திறந்ததும் சீக்கிரமா மீனை நல்ல தண்ணிக்கு மாத்திடுங்க, ஒரு மணி நேரம் சொட்டு சொட்டா விடுறது வேண்டாம்.

பசங்க தொட்டியில கை விடுறாங்க, நமக்கு ஏதாவது ஒட்டுமா?

அபூர்வம், ஆனா மீன் டிபின்னு ஒரு பாக்டீரியா கையில இருக்குற காயம் வழியா போய் ஆறாத கட்டி மாதிரி வரும். புண்ணு இருந்தா கை விடாதீங்க, முடிஞ்சதும் சோப்பு போட்டுக் கழுவுங்க, டியூப்பை வாயால உறிஞ்சி தண்ணி எடுக்குற பழக்கத்தை விடுங்க.

காப்பாத்தவே முடியாதுன்னு தெரிஞ்சா?

ரொம்ப கஷ்டமான கேள்வி. உசுரோட டாய்லெட்ல ஊத்தாதீங்க, ஃப்ரீசர்ல வைக்காதீங்க, ரெண்டும் அதுக்கு வேதனை. ஏரியில, கிணத்துல விடவும் கூடாது, நோய் அங்க இருக்குற மீனுக்குப் போகும். கிராம்பு எண்ணெயை ஒரு பாட்டில் வெந்நீர்ல நல்லா குலுக்கி, அதே தொட்டித் தண்ணி ஒரு லிட்டர்ல முதல்ல சில துளி கலந்தா மீன் மயங்கும், முழுசா அசைவு நின்ன பிறகு இன்னும் நிறைய கலந்து, செவுள் அசையாம நின்னும் அரை மணி நேரத்துக்கு மேல அப்படியே விடணும். டாக்டர் யாராவது கிடைச்சா அவங்க கையில விடுறது இன்னும் நல்லது.

தேற எத்தனை நாள் ஆகும்?

எங்க அபார்ட்மென்ட் மூணாவது மாடிப் பையன், ஆறாவது படிக்கிறான், போன டிசம்பர்ல ஒரு லிட்டர் ஹார்லிக்ஸ் பாட்டிலை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு வாசல்ல நின்னான். உள்ள ஒரு நீல பைட்டர், துடுப்பு மடங்கி, வால் ஓரம் கருத்து, மேல மூக்கை மட்டும் நீட்டிக்கிட்டு. அமோனியா கிட்ல சொட்டு விட்டேன், மஞ்சளா இருக்க வேண்டியது பச்சையா மாறிடுச்சு. தண்ணி 21 டிகிரி. மருந்தே போடல. 12 லிட்டர் டப்பா, என் பழைய தொட்டியில ஊறின ஸ்பான்ஜ் ஃபில்டர், ஹீட்டரை 26ல வச்சு, ஒரு துண்டு பாதாம் இலை, தினம் காலைல அவன் ஸ்கூலுக்கு முன்னாடி வந்து மூணுல ஒரு பங்கு தண்ணி மாத்துவான். ரெண்டாம் நாள் துடுப்பு விரிஞ்சுது. நாலாம் நாள் ஒரு பெல்லட்டை எடுத்துச்சு, அவன் கத்தின கத்துல எங்க மாமியார் சமையக்கட்டுல இருந்து ஓடி வந்தாங்க. பதினஞ்சாவது நாள் டார்ச் அடிச்சுப் பாத்தா, வால் ஓரத்துல கண்ணாடிப் பேப்பர் மாதிரி நிறமே இல்லாத ஒரு மெல்லிசு சவ்வு, நக நுனி அளவு வளர்ந்திருந்துச்சு. அதைப் பாத்தீங்கன்னா ஆறுதுன்னு அர்த்தம், அதை அழுகல்னு நினைச்சு திரும்ப மருந்தை ஊத்திடாதீங்க, நிறம் ஏற இன்னும் சில வாரம் ஆகும்.